முதல் வரியில் போட்ட சுழி

காலியாக விட்ட கட்டத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது என்று நம்பியவன் நான். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படித்தான் நம்பினேன். படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள், நமக்கு இல்லை, காலியாக விடுகிறோம். தாலுகா ஆபீசில் எந்த கிளார்க்கும் அந்தக் கட்டத்தைப் பார்த்து, ‘ஓகோ, உலகத்தில் இருக்கிற எல்லா மின்னஞ்சலும் இவருடையதுதான்’ என்று எழுதிக்கொண்டதில்லை.

நான் கையில் எடுத்த மென்பொருள் அப்படித்தான் எழுதிக்கொண்டது. அதில் காலிக் கட்டம் என்றால் ‘யாராக இருந்தாலும் சரி’ என்று பொருள். இதை அது ஒளித்துவைக்கவும் இல்லை. உதவிப் பக்கத்தில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது. உதவிப் பக்கத்தைத் திறக்க எனக்கு கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முதலில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அதைக் கைபேசி தின்றுவிட்டது. பிறகு ஜெராக்ஸ், பிறகு பட்டா, சாதிச் சான்றிதழ்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் வேலை. கடைசியில், ஒரு வரி நிரல் எழுதத் தெரியாதவனும் கட்டங்களை இழுத்துப் போட்டு ஆப் செய்யலாம் என்று ஒரு மென்பொருள் வந்தது. ஒரு வரி நிரல் எழுதத் தெரியாதவன் என்ற தகுதி எனக்கு முழுமையாக இருந்தது. செங்கம் ரோட்டில் இருக்கும் ஒரு சிறிய அறக்கட்டளை என்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது.

அறக்கட்டளையின் வேலை, பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் முதலுதவிப் பந்தல் போடுவது. ஆறு பந்தல். ஒவ்வொன்றிலும் ஒரு தொண்டர், ஒரு கைபேசி, ஒரு மோர்ப் பானை. பிரச்சினை என்னவென்றால் ஆறு தொண்டரும் ஆறு டாக்டர்கள். ஒருவர் காலில் கொப்புளம் என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். இன்னொருவர் நெஞ்சுவலிக்கு விபூதி பூசி அனுப்பிவிடுவார். ஆறு பேரும் ஒரே மாதிரி முடிவெடுக்க வேண்டும் என்றுதான் என்னிடம் ஆப் கேட்டார்கள்.

அதற்குத் தோதாக அந்த மென்பொருளில் ‘டெசிஷன் டேபிள்’ என்று ஒன்று உண்டு. பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்து அட்டவணைதான். நெஞ்சுவலி உண்டா, முகம் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, வயது என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் முடிவு. தொண்டர் கைபேசியில் ஆம், இல்லை என்று தட்டினால், டேபிள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதன் முடிவைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடும். கீழே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது.

விதிகளைச் சொன்னவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

“நெஞ்சு வலி, வேர்வை, ஆம்புலன்ஸ். போட்டுக்க.”

“வேர்வை இல்லாத ஆளு திருவண்ணாமலைல ஏது சிஸ்டர்?”

“குறுக்க பேசாத. அடுத்தது. மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்குது, கை தூக்க முடியல, பேச்சு கொழறுது. இதுல ஒண்ணு இருந்தாலும் ஆம்புலன்ஸ். வயசே கேக்காத. வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது.”

“தண்ணி கூடவா?”

“தண்ணி கூடத்தான். முழுங்க வராது. நேரா நுரையீரலுக்குப் பூடும்.”

வயதே கேட்காதே என்றால் வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும். அது தெரியாமல் ‘பூஜ்யத்திலிருந்து நூற்றிருபது வரை’ என்று நிரப்பினேன். தேவையில்லாத மற்றக் கட்டங்களிலும் ஆம், இல்லை இரண்டையும் தேர்ந்தெடுத்து வைத்தேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அத்தனை கட்டங்களையும் அடைத்த பெருமை எனக்கு. காலியாகவே விட்டிருந்தால் அரை மணியில் வீட்டுக்குப் போயிருக்கலாம், காலிக் கட்டம் என்ன செய்யும் என்பதும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சிஸ்டர் சும்மா விடவில்லை. ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பார்த்தார். நோயாளி வேடம் எனக்கு. வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டு ஆபீஸ் முழுக்க நடந்து காட்டினேன். “வழக்கத்தவிட லட்சணமா கீற” என்றார். ஆப் ‘ஆம்புலன்ஸ்’ என்றது. எல்லா வரியும் சரியாக வந்தது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அறக்கட்டளைத் தலைவர் வந்தார். அரிசி மண்டி வைத்திருப்பவர், நல்ல மனிதர். டேபிளைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளின் உச்சியையே பார்த்தார்.

“மேல உனா காணுமேப்பா?”

“கம்ப்யூட்டர்ல யாருங்க பிள்ளையார் சுழி போடறாங்க?”

“மளிகை லிஸ்ட்டுக்கே போடறோம். இது உயிர் சமாச்சாரம். போட்டுடு, அந்தக் குறை எதுக்கு?”

அவர் சொன்னது தாளுக்கு. பேனா எடுத்துத் தாளின் தலையில் ஒரு உ போட்டிருந்தால் முடிந்தது. நான் வித்தை காட்டுகிறவன் அல்லவா? “உள்ளயே போட்டுடறேங்க, ஆறு பந்தலுக்கும் சேர்ந்து போவும்” என்று அவர் கண்ணெதிரே முதல் வரிக்கு மேலே ஒரு புது வரியைச் செருகினேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘உ’ என்று அடித்தேன். மற்றதெல்லாம் காலி.

சேமிக்கப் போனால் மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. முடிவுக் கட்டம் சிவப்பாகிவிட்டது. மற்றவை காலியாக இருக்கலாமாம், முடிவு மட்டும் இல்லாமல் இருக்கக் கூடாதாம். அதற்குப் பிள்ளையார் சுழியை எப்படிப் புரியவைப்பது? பட்டியலில் முதலில் இருந்த முடிவைத் தேர்ந்தெடுத்தேன்: ‘நிழலில் உட்கார வைக்கவும். மோர் கொடுக்கவும். அரை மணி கழித்துப் பார்க்கவும்.’ சிவப்பு போய்விட்டது. கேள்வி எதுவும் இல்லாத வரிக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். தலைவர் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுழியை யாராவது சோதித்துப் பார்ப்பார்களா?

மறுநாள் பகலிலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. சித்திரை வெயில். ஆபீஸில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆறு பந்தலிலிருந்தும் வரும் பதிவுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கொப்புளம், மோர். தலைசுற்றல், மோர். களைப்பு, மோர். நாற்பது பேரைத் தாண்டியும் அத்தனை பேருக்கும் மோர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தொண்டர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன்: ‘அண்ணாமலையார் அருளால் இன்று சீரியஸ் கேஸ் ஒன்றுமில்லை.’

உடனே மச்சானிடமிருந்து பதில். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அடி அண்ணாமலையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான், அங்கே இருந்த பந்தலுக்குத் தொண்டர் அவன்தான். குரல் பதிவாக அனுப்பியிருந்தான்.

“இன்னா மாமா, மோர்க்காரன் கிட்ட கமிஷன் வாங்கினியா? உன் ஆப்பு எவன் வந்தாலும் மோருன்றது. பானை காலி ஆவுது, இன்னொண்ணு அனுப்பு.”

நான் என்ன செய்தேன்? சிரிக்கும் பொம்மை மூன்று போட்டேன். இன்னொரு பானைக்கு ஏற்பாடு செய்தேன்.

நாலே முக்கால் தாண்டியிருக்கும். சிஸ்டர் போன் செய்தார். பாதையின் ஆரம்பத்தில், ரமணாசிரமம் தாண்டி இருக்கும் பெரிய பந்தலில் ஆம்புலன்ஸோடு அவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் மோசமான ஆட்களை மற்றப் பந்தல்களிலிருந்து அவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

“இன்னாப்பா, காலைல இருந்து ஒருத்தரையும் அனுப்பல?”

“உங்களுக்கு இன்னைக்கு லீவு சிஸ்டர். எல்லாரும் நல்லா இருக்காங்க.”

“சித்திரை பௌர்ணமில எல்லாரும் நல்லா இருப்பாங்களா? எத்தினி வருசமா பாக்கறேன். நீ ஒண்ணு பண்ணு. மூஞ்சி கோணல்னு போட்டு அமுக்கிப் பாரு.”

அமுக்கினேன். மோர் என்றது. நெஞ்சு வலி, வேர்வை என்று போட்டேன். மோர். எழுந்தேனா, உட்கார்ந்தே இருந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பதிவுகளை மேலே தள்ளிப் பார்த்தேன். அடி அண்ணாமலைப் பந்தல். நாலு பன்னிரண்டு. முகம் கோணுகிறது, ஆம். கை தூக்க முடியவில்லை, ஆம். மோர். அதே பந்தல், நாலு நாற்பத்து நாலு. அதே ஆம், அதே ஆம். மறுபடியும் மோர்.

“எந்தப் பந்தலு?” சிஸ்டர் கத்தினார். நான் எதுவும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. “யாருக்கோ ஆயிருக்கு இல்ல? எந்தப் பந்தலுன்னு சொல்லுடா!”

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சிஸ்டர்.”

அந்த ஒரு நிமிஷத்தில் நான் செய்ததை எழுதித்தான் ஆக வேண்டும். சுழி போட்ட முதல் வரியை அழித்தேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். புது டேபிளை ஆறு பந்தலுக்கும் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தின நாள் எடுத்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஜன்னல் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்த்தேன், காசு திருடியவன் மாதிரி. காதுக்குள் அந்த அம்மா “எந்தப் பந்தலு, எந்தப் பந்தலு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கெல்லாம் பிறகுதான் “அடி அண்ணாமலை” என்றேன். ஒரு நிமிஷம் இல்லை, மூன்று நிமிஷம். அழைப்புக் கணக்கு போனிலேயே இருக்கிறது, இன்னும் அழிக்கவில்லை.

சிஸ்டர் பக்கத்தில் ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மச்சானுக்குப் போன் போட்டேன். பௌர்ணமிக் கூட்டத்தில் அந்தப் பக்கம் பதிவு வந்து சேரும், பேச லைன் கிடைக்காது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதையின் தடுப்பில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

“ஓரம் கட்டு, வண்டி போவாது. நடந்து போ.”

இறங்கினேன். அங்கே நான் செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றி வண்டிக்குப் பக்கத்தில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தது. கிரிவலப் பாதை என்றால் வெறுங்கால். மூளைக்கு ஞாபகம் இல்லாததைக் கால் ஞாபகம் வைத்திருந்தது. உருகின தார்மேல் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தொப்பை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். வழியில் இருந்த எங்கள் பந்தலில் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே தொண்டர் புதிது, என்னைத் தெரியாது.

“நெஞ்சு வலிக்குதாங்க?”

“அடைக்குது.”

“வேர்வை இருக்கு” என்று அவரே தட்டினார். கைபேசியைப் பார்த்ததும் முகம் மாறியது. “ஐயா, ஆடாதீங்க. ஆம்புலன்ஸ்னு வருது.”

காலையிலிருந்து என் டேபிள் சொன்ன முதல் சரியான முடிவு அது. அவர் கையை உதறிக்கொண்டு மறுபடி ஓடினேன். எதிரில் நம் ஆம்புலன்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தது. ஜன்னலுக்குள் சிஸ்டரின் வெள்ளை முடி மட்டும் தெரிந்தது. என்னைத் தாண்டிப் போய்விட்டது.

பந்தலில் மச்சான் பலகைமேல் உட்கார்ந்திருந்தான். அவன் எதிரில் எவர்சில்வர் டம்ளர், பாதி மோரோடு.

“போளூர் பக்கத்து ஆளு மாமா. பஸ் கண்டக்டரா இருந்து ரிடயர்டு. சம்சாரத்தோட வந்தாரு. ‘கண்ணு ஒரு மாதிரியா இருக்கு தம்பி’ன்னு அவரே நடந்து வந்து உக்காந்தாரு. அப்புறம் பேச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கைய தூக்குங்கன்னேன். தூக்க வரல.”

“அப்பவே எனக்கு போன் பண்ணக் கூடாதா?”

“பண்ணத்தான் எடுத்தேன். ஆப்ப அமுக்குனா மோருன்னுச்சு. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சரி, மாமா பண்ணது, சிஸ்டரு சொல்லிப் பண்ணது, நம்மள விட அதுக்கு ஜாஸ்தி தெரியும்னு வுட்டுட்டேன். அர மணி கழிச்சும் அமுக்கினேன். அதுக்கும் மோருதான்.” டம்ளரைத் தள்ளி வைத்தான். “அந்தம்மாதான் ஊட்டி வுட்டுது. குடிங்க, குடிங்கன்னு. ஓரமா வழிஞ்சுது. இருமினாரு. புரையேறுதுன்னு நெனச்சோம்.”

அன்றைக்கு வரைக்கும் என்னைக் கிண்டல் செய்யாமல் அவன் என்னோடு பேசியதே இல்லை. ஆப் இல்லாமல் இருந்திருந்தால் அவன் நாலு பன்னிரண்டுக்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பான். அவனுக்கு அந்த அறிவு இருந்தது. அதை ஓரமாக வைக்கச் சொன்னது என் டேபிள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே சிஸ்டர் நின்றிருந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன், சுழி உட்பட, மூன்று நிமிஷம் உட்பட. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“தலையில அடைச்சதுக்கு ஊசி போட்டாச்சு” என்றார். “இப்ப நெஞ்சுலதான் சளி. மோரு உள்ள எறங்கிடுச்சு.”

“அந்தம்மா கிட்ட சொல்லப் போறேன் சிஸ்டர்.”

“சொல்லு. லேட்டானது உன்னாலன்னு சொல்லு. மோரப் பத்தி வாயத் தொறக்காத.”

“அதுவும் என் தப்புதானே?”

“தப்பு உன்னுது. ஊத்துன கை அவங்களுது. அதச் சொல்லிட்டு நீ வீட்டுக்குப் போயிடுவ. அவங்க அந்தக் கைய வச்சிக்கிட்டுத்தான் இனிமே சோறு துன்னணும்.”

அந்த அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். கிரிவலத்துக்கு உடுத்தின மஞ்சள் புடவையை இன்னும் மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

“மோர்ப் பந்தல் ஆளுங்களா? உங்க புள்ள ஒருத்தரு ரொம்ப நல்லா பாத்துக்கினாரு. வெசிறி வுட்டாரு. மோரு குடுத்தாரு. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டி வுட்டேன். அது மட்டும் உள்ள போவலன்னா அப்பவே என்னா ஆயிருக்குமோ.”

வாழ்க்கையில் எந்தச் சாவு வீட்டிலும் ஒரு சிரிப்புக்கு வழி கண்டுபிடிக்கிற வாய் என்னுடையது. அது அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியது முக்கால் மணி நேரம் தாமதமானது, அது பந்தலில் இருந்தவர் தப்பில்லை, கைபேசிக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த நான் செய்த தப்பு என்று சொன்னேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? வுடுங்க” என்றார். கொஞ்சம் கழித்து, “கூட்டம் இல்லியா, லேட்டாத்தான் ஆவும்” என்றும் சொன்னார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அறக்கட்டளைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று மேஜை டிராயரைக்கூடக் காலி செய்து வைத்திருந்தேன். தலைவர், “போடச் சொன்னது நான்” என்றார். “தாள்ல போடச் சொன்னீங்க” என்றேன். வேலை போகவில்லை. போன மாதம்தான் உதவிப் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். எல்லாக் கட்டமும் காலியாக இருக்கும் வரி ஒன்று வேண்டுமானால் அதை எப்போதும் கடைசியில் வைக்கவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இப்போது எங்கள் டேபிளின் கடைசி வரி அப்படித்தான் இருக்கிறது. அதன் முடிவு, ‘சிஸ்டரைக் கூப்பிடவும்.’ மச்சான் இப்போது ஆப்பைத் திறப்பதில்லை. எது வந்தாலும் நேராக சிஸ்டருக்கே போன் போடுகிறான். நான் அவனை ஒன்றும் சொல்வதில்லை.

டேபிளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அந்த மென்பொருள் குறித்து வைத்துக்கொள்கிறது. அதில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒரு வரி சேர்க்கப்பட்டது, ஒரு வரி அழிக்கப்பட்டது. இரண்டிலும் என் பெயர். அதை மட்டும் யாராலும் அழிக்க முடியாது.

நாலு பன்னிரண்டுக்கு மச்சான் ஆப்பைக் கேட்டான். ஐந்து பத்துக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. நடுவில் அந்தக் கண்டக்டருக்கு ஒன்றரை டம்ளர் மோர் கொடுக்கப்பட்டது. பதினோராம் நாள் மத்தியானம், நுரையீரலில் சளி கட்டி, அவர் இறந்துபோனார்.